எனினும் என்று தொடங்கும் இரண்டாவது வாக்கியம்

பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிரே ஒரே வரிசையில் ஐந்து கடைகள். மூன்றாவது கடையில் நகலெடுப்பார்கள், டைப் அடிப்பார்கள், முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குத் தடித்த அட்டை போட்டு, முதுகில் தங்க நிற எழுத்து பதித்துத் தருவார்கள். அந்தக் கடையின் உள்ளறையில், பசை வாடைக்கும் இயந்திரச் சூட்டுக்கும் நடுவே, இருபத்தைந்து வருடமாக ஒரே நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தவரை எல்லோரும் சுருக்கக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய பெயர் அவர் மனைவிக்கும் மின்சார அலுவலகத்துக்கும் மட்டும்தான் தெரியும் என்று கடை முதலாளி சொல்லிச் சிரிப்பார்.

நானூறு பக்க ஆய்வேட்டின் தலையில் ஒரே ஒரு பக்கம் ஆய்வுச் சுருக்கம் இருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. ஐந்து வருடம் முக்கி முனகி நானூறு பக்கத்தைத் தாண்டியவர்கள் இந்த ஒரு பக்கத்தில் தடுக்கி விழுவார்கள். என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால் நான்கு மணி நேரம் பேசுவார்கள். நான்கு வரி வராது. விழுந்தவர்கள் நேரே அந்த உள்ளறைக்கு வருவார்கள். அவர் தலையைத் தூக்காமல் கேட்பார்.

"எந்தத் துறை?"

சும்மா கேட்கிற கேள்வி இல்லை அது. வரலாற்றுக்காரர்களுக்குச் சுருக்கம் வருடத்தோடும் இடத்தோடும் தொடங்க வேண்டும். எந்தப் பெட்டியில் எந்தக் காகிதத்தைப் பார்த்தோம் என்று சொல்லாவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது. முடிவை மட்டும் கடைசி வரியில், அதுவும் 'எனக் கருத இடமுண்டு' என்று பயந்து பயந்து வைப்பார்கள். இலக்கியக்காரர்கள் முதல் வரியிலேயே யாரையாவது வம்புக்கு இழுப்பார்கள். இதுவரை படித்த எல்லோரும் தப்பாகப் படித்துவிட்டார்களாம். சரி, நீ என்ன படித்தாய் என்று தேடினால் 'ஆராய முயல்கிறது' என்று சொல்லி நழுவிவிடுவார்கள். மொழியியல்காரர்கள் எத்தனை பேரிடம் எத்தனை வாக்கியம் பதிவு செய்தோம் என்று எண்ணிக்கை சொல்லி, முறை சொல்லி, முடிவைப் பட்டென்று போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். தத்துவக்காரர்களிடம் காகிதமும் கிடையாது, எண்ணிக்கையும் கிடையாது. 'நான் வாதிடுகிறேன்' என்று முதல் வரியிலேயே மார்தட்டுவார்கள். மற்ற மூன்று துறையிலும் அந்த 'நான்' வந்தால் தேர்வாளர் முகத்தைச் சுளிப்பார். நான்கு துறையும் ஒரே வளாகத்தில், ஒரே தேநீர்க் கடையில் நின்று குடிக்கிற ஆட்கள்தான். ஒரு பக்கம் எழுதச் சொன்னால் மட்டும் ஒருவருக்கொருவர் முகம் தெரியாதவர்கள் மாதிரி எழுதினார்கள்.

இதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு காலத்தில் அவரும் இலக்கியத் துறையில் ஆய்வுக்குப் பதிவு செய்தவர். இரண்டாம் வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆறு மாதம் மட்டும் டைப் அடித்துச் சமாளிப்போம் என்று அந்தக் கடைக்குள் நுழைந்தார். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை.

ஒவ்வொரு ஆய்வேட்டின் முன்னுரையிலும் நன்றி சொல்கிற பக்கம் ஒன்று உண்டு. நெறியாளருக்கு நன்றி, நூலகத்துக்கு நன்றி, பெற்றோருக்கு நன்றி, பொறுமை காத்த துணைவருக்கு நன்றி. கடைசியில், பக்கத்தில் இடம் மிச்சமிருந்தால், 'அழகுறத் தட்டச்சு செய்து தந்த கடை நண்பருக்கு நன்றி.' அந்த வரியையும் அவரேதான் டைப் அடிக்க வேண்டும். இருபத்தைந்து வருடம் தனக்குத் தானே, அதுவும் செய்த வேலையை விட்டுவிட்டு வேறொன்றுக்கு, நன்றி சொல்லிக்கொண்ட மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அவர் கடையில் சேர்ந்த மறு வருடம் ஒரு பெண் வந்தாள். வரலாற்றுத் துறை. மறுநாள் மதியம் ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசி நேரம். பதினோரு பக்கத்துக்குச் சுருக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். அழுது அழுது பாதி எழுத்து கலங்கியிருந்தது.

"இதுல உங்களுக்குன்னு என்னம்மா புதுசு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லண்ணே. எல்லாம் ஏற்கெனவே எழுதிட்டாங்க. என்கிட்ட இருக்கிறது வெறும் மனுதான்."

துறைமுகக் கூலிகள் அதிகாரிகளுக்குக் கொடுத்த பழைய மனுக்கள், அறுநூற்றுச் சொச்சம். அவர் இரண்டு மணி நேரம் ஆய்வேட்டைப் புரட்டினார். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், அடிக்குறிப்பில், சின்ன எழுத்தில் ஒரு விஷயம் ஒளிந்து கிடந்தது. அத்தனை மனுவும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கின்றன; எழுதத் தெரியாத அத்தனை பேருக்கும் துறைமுக வாசலில் உட்கார்ந்த ஒரே ஆள்தான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

"இதை ஏம்மா அடியில போட்டிருக்கீங்க? இதுதான் உங்க ஆய்வே!"

அன்றைக்கு வரலாற்று முறைப்படி எழுத அவருக்குப் பொறுமை இல்லை, நேரமும் இல்லை. ஐந்து வாக்கியம் எழுதினார். ஒன்று: இது குறித்து ஏராளமான ஆய்வுகள் வந்துள்ளன. இரண்டு: எனினும், மனுக்களை எழுதிய கை போதிய கவனம் பெறவில்லை. மூன்று: அந்த இடைவெளியை நிரப்பும் முதல் முயற்சி இது. நான்கு: இன்னின்ன சான்றுகள். ஐந்து: இன்ன முடிவு. பெண் வாசித்துவிட்டு மறுபடியும் அழுதாள், இந்த முறை வேறு மாதிரி.

அந்த ஆய்வேடு பிய்த்துக்கொண்டு போயிற்று. தேர்வாளர்கள் சுருக்கத்தைத் தனியாகப் புகழ்ந்தார்கள். அடுத்த வாரமே இலக்கியத்திலிருந்து ஒருவன் வந்து, "அந்த அக்காவுக்குப் போட்ட மாதிரியே எனக்கும் போட்டுடுங்கண்ணே" என்றான். பிறகு மொழியியல். பிறகு தத்துவம். கடைசித் தேதி வாரத்தில் மூன்று நாளில் ஏழெட்டு ஆய்வேடு வரும். ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் தேட யாரால் முடியும்? ஐந்து வாக்கியம் கையில் தயாராக இருந்தது. பெயரை மாற்றிப் போட்டால் போதும். 'எந்தத் துறை?' என்று அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பழக்கதோஷம்.

அந்தப் பெண் பேராசிரியையாகி, துறைத் தலைவியாகி, மனு எழுதியவனைப் பற்றிப் புத்தகம் போட்டு, பல நாட்டுக் கருத்தரங்குகளில் போய் நின்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் குரலுக்குப் பின்னால் மறைந்திருந்த கை பற்றி அவர் பேசினால் அரங்கமே எழுந்து நின்று கைதட்டும் என்பார்கள்.

சுருக்கக்காரரின் மனைவி அரசு மருத்துவமனையில் செவிலி. பணி முடிந்து போகும்போது அடுத்து வருகிறவளுக்குக் குறிப்பு எழுதி வைக்க வேண்டும். "யாருக்கு என்ன, என்ன செஞ்சோம், எதைப் பாத்துக்கணும். மூணே வரி. இதுக்கு நீங்க ஒரு பக்கம் எடுத்துக்கறீங்க" என்று அவரைச் சீண்டுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கடையிலிருந்து கொண்டுவந்த ஆய்வேடு ஒன்றில் நன்றிப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"எத்தனை நாளைக்கு ஊராரோடதுக்கு அட்டை போடுவீங்க? உங்க பேர்ல ஒண்ணு போடுங்க."

"நாப்பத்தஞ்சு வயசுல?"

"செத்தப்புறமா போடப் போறீங்க?"

அப்படித்தான் அவர் மறுபடி பதிவு செய்தார். வேறு எதைப் பற்றி எழுதுவது? தனக்குத் தெரிந்ததையே எடுத்துக்கொண்டார்: நான்கு துறைகள், நாற்பது வருடத்து ஆய்வுச் சுருக்கங்கள், அவற்றின் அமைப்பு. நெறியாளராக யாரைக் கேட்பது என்று தயங்கித் தயங்கிப் பேராசிரியையிடம் போனார்.

"உங்களுக்குச் செய்யாம நான் வேற யாருக்குச் செய்யப் போறேன்!" என்றார் அவர். அப்போது பேராசிரியை அவரை அண்ணே என்று கூப்பிடுவதை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் அப்படிச் சொன்னதில் இவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மனைவியின் தம்பி பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. "ஆளுக்கு ஒரு பக்கம்தானே மாமா, எடுத்துத் தரேன்" என்று மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்து, பழைய ஆய்வேடுகளின் சுருக்கப் பக்கத்தை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கொடுத்தான். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஏழு மாதம் ஆயிற்று.

ஞாயிறு தோறும் காலையில் அவர் வண்ணப் பென்சில்களோடு உட்காருவார். பின்னணி சொல்லும் வாக்கியத்துக்கு மஞ்சள், மற்றவர்கள் விட்டுவிட்டதைச் சொல்லும் வாக்கியத்துக்குச் சிவப்பு, நோக்கத்துக்கு நீலம், முறைக்குப் பச்சை, முடிவுக்கு ஊதா. நான்கு வருடம் இப்படியே போயிற்று. ஒரு நாள் அத்தனை பக்கத்தையும் கூடத்துத் தரையில் வருட வரிசைப்படி பரப்பினார். முதல் இருபத்தொரு வருடம் ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு நிறத்தில் இருந்தது: வரலாறு ஒரே பச்சை, இலக்கியம் ஒரே சிவப்பு, மொழியியலில் பச்சையும் ஊதாவும், தத்துவத்தில் நீலத்தைத் தவிர வேறில்லை. இருபத்திரண்டாம் வருடத்திலிருந்து நான்கு வரிசையும் ஒரே மாதிரி. மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை, ஊதா. சுவர் வரைக்கும் அப்படியே போயிற்று.

அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இதைத்தான் ஆய்வுமுடிவு என்பது! அப்போதுதான் பணி முடிந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்ற மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார்.

"பாத்தியா? நாலு துறையும் ஒண்ணாயிடுச்சு! இதை இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல."

அவள் குனிந்து பார்த்தாள். "எந்த வருஷத்துலேர்ந்து?"

சொன்னார்.

"அது நீங்க கடையில சேர்ந்த மறு வருஷம்ல?" என்றாள்.

அவர் தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு பக்கமாக எடுத்து, நிறத்தைப் பார்க்காமல் எழுத்தைப் படித்தார். எனினும். எனினும். எனினும். இருபத்திரண்டாம் வருடத்துக்குப் பிந்திய இருநூற்று மூன்று பக்கத்தில் நூற்று எழுபத்தொன்று அவர் கையால் போனவை. மிச்சம் முப்பத்திரண்டும் அவற்றைப் பார்த்துப் பார்த்து மற்றவர்கள் எழுதியவை. நான்கு வருடம் வண்ணம் தீட்டி அவர் கண்டுபிடித்தது தன்னைத்தான். பெருமைப்பட வேண்டிய விஷயமா, வெட்கப்பட வேண்டிய விஷயமா என்று அவருக்குத் தெரியவில்லை. என்னைக் கேட்டால் இரண்டும்தான். நான்கு துறையின் முகத்தையும் மழித்து ஒரே முகமாக்கியது அவருடைய சோம்பேறித்தனம். அதை யார் செய்தது என்று இத்தனை வருடத்தில் ஒருவருமே கவனிக்காதது மற்றவர்களுடைய சோம்பேறித்தனம்.

மறுநாள் பேராசிரியையின் அறைக்குப் போய் ஒன்றுவிடாமல் சொன்னார். அந்த அறை அவருக்குத் தெரியும். சுவரில் அந்தப் பழைய மனுக்களில் ஒன்று கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும்.

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டார் பேராசிரியை.

"வீட்ல தெரியும்."

"அதோட நிறுத்திக்கோங்க. இதை எழுதினா நூத்தி எழுபத்தோரு பேரோட பட்டம் அந்தரத்துல நிக்கும். உங்களுக்கும் பட்டம் வராது. துறைகள் ஒண்ணை ஒண்ணு நெருங்கி வருது, எல்லைகள் கரையுதுன்னு எழுதுங்க. இப்ப எல்லாரும் அதைத்தான் பேசறாங்க."

"ஆனா அது நெசமில்லையே மேடம். ஒரே ஆள் எழுதிக் குடுத்ததுதானே? உங்க துறைமுக வாசல்ல உக்காந்திருந்த ஆள் மாதிரி."

பேராசிரியை சிரித்தார். "அது வேற, இது வேற. அவன் செத்து நூறு வருஷம் ஆச்சு."

ஒரு வாரம் அவர் கையைப் பிசைந்துகொண்டு திரிந்தார். வேண்டாம், தூக்கிப் போட்டுவிடலாம் என்று ஒரு நாள். நாலு வருடம் போச்சே என்று மறுநாள். பட்டம் மட்டும்தான் அவருக்கு வேண்டியிருந்தது. கடையை விட்டுப் போகவோ, வேறு வேலை தேடவோ அல்ல. நூலகத்து அலமாரியில், முதுகில் தங்க எழுத்தில், தன் பெயர். அதற்காகப் பொய்யை எழுதினார். 'துறைகள் தாமாகவே ஒன்றையொன்று நெருங்கி வந்துள்ளன' என்று எண்பது பக்கத்துக்குப் பூசி மெழுகினார்.

எல்லாம் முடிந்து கடைசியில் தன்னுடைய சுருக்கத்தை எழுத உட்கார்ந்தார். பதினோரு தடவை எழுதிக் கிழித்தார். உண்மையைச் சொல்லக் கூடாது என்றான பிறகு வேறு எதைத்தான் சுருக்குவது? கடைசி நாள் மதியம், கடையில் ஆள் கூட்டம் நெருக்கிக்கொண்டு நிற்க, விரல் தானாக ஓடியது. ஐந்து வாக்கியம். இரண்டாவது, எனினும் என்று தொடங்கியது. சொல்வதற்கு ஒன்றுமில்லாதவர்களுக்காக அவர் செய்து வைத்த அச்சு அது. அன்றைக்கு அவரே அதில் வந்து விழுந்தார்.

பத்து நாள் கழித்து மச்சான் கடைக்கு வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"மாமா, காப்பி அடிச்சிருக்கான்னு பாக்கற மெஷின் புதுசா வாங்கினாங்கல்ல. உங்க ஆய்வேட்டை அதுல போட்டாங்க."

"சரி?"

"ஆய்வேடு சுத்தம். சுருக்கத்துலதான் எண்பத்தோரு சதவீதம் காப்பின்னு வருது. அறுபத்து நாலு ஆய்வேட்டுலேர்ந்து எடுத்ததாம்."

"பழைய ஆய்வேடெல்லாம் அந்த மெஷினுக்கு எப்படிடா தெரியும்?"

மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். "நான்தான் மாமா ஏத்தினேன். ஸ்கேன் பண்ணினது ஏதாவது இருந்தா ஏத்துன்னாங்க. உங்களுக்காக எடுத்த அந்த நாநூத்திப் பன்னெண்டு பக்கம்தான் இருந்துச்சு."

சுருக்கக்காரருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தார். கடை முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ நல்ல சேதி போலிருக்கிறது என்று போய்விட்டார்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர்: தத்துவத் துறைத் தலைவர், நூலக அதிகாரி, நெறியாளர் என்ற முறையில் பேராசிரியை. நீள மேசை, மூடிய சன்னல், தட்டில் பிஸ்கட். பேராசிரியைக்கு முன்னால் ஒரு படிவம் கிடந்தது. அதில் ஒரு கட்டம்: 'ஒத்துப்போகும் பகுதி ஆய்வாளரே முன்பு எழுதியது என நெறியாளர் சான்றளிக்கிறார்.' அதில் பேராசிரியை கையெழுத்துப் போட்டால் விஷயம் அதோடு முடிந்தது. பேராசிரியை வந்ததிலிருந்து அந்தப் படிவத்தைப் பார்க்கவே இல்லை.

"எண்பத்தோரு சதவீதம்" என்றார் தலைவர். "என்ன சொல்றீங்க?"

சுருக்கக்காரர் நான்கு நாளாகத் தயார் செய்து வைத்திருந்த சப்பைக்கட்டு எதுவும் அப்போது வாயில் வரவில்லை.

"அதெல்லாம் நான் எழுதினதுங்க."

"எதெல்லாம்?"

"அந்தப் பட்டியல்ல இருக்கற அறுபத்து நாலும்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். பட்டியலில் பன்னிரண்டாவதாக இருந்தது அவருடைய சொந்த ஆய்வேடு. "உங்க ஆய்வேட்டுல துறைகள் தாமாவே நெருங்கி வந்துச்சுன்னு எண்பது பக்கம் எழுதியிருக்கீங்களே? அப்ப அது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?"

"அதுதாங்க பொய்."

"பொய் எழுதினேன்னு நீங்களே சொல்றீங்க. சரி. மேடம், பட்டியல்ல முதல் பேர் உங்களோடது. இவர் சொல்றது உண்மையா?"

பேராசிரியை பிஸ்கட் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். சுருக்கக்காரர் அவர் முகத்தையே பார்த்தார். எழுத்து கலங்கிய அந்தப் பதினோரு பக்கம் அவருக்கு நினைவு வந்தது. பேராசிரியைக்கும் வந்திருக்கும் என்று நம்பினார். மனிதனுக்கு ஐம்பத்தொரு வயதிலும் இப்படி ஒரு நம்பிக்கை இருந்தது.

"அந்தக் கடையிலதான் குடுத்தேன்" என்றார் பேராசிரியை. "இவர்தான் டைப் அடிச்சார். முன்னுரையில நன்றிகூடச் சொல்லியிருக்கேன். வேணும்னா பாருங்க."

நூலக அதிகாரி ஆள் அனுப்பி அந்த ஆய்வேட்டை வரவழைத்தார். நன்றிப் பக்கத்தைப் புரட்டிச் சத்தமாக வாசித்தார். "அழகுறத் தட்டச்சு செய்து தந்த கடை நண்பருக்கு நன்றி."

எழுத்துச் சான்று. அதற்கு மேல் என்ன வேண்டும்? தலைவர் நிம்மதியாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தன் முன்னுரையிலும் அதே வரி இருந்தது அவருக்கு இப்போதுதான் பெரிய ஆறுதலாகப் பட்டிருக்கும். டைப் அடிக்கும்போது அத்தனை பேருடைய சுருக்கத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு, கடைசியில் தனக்குப் பயன்படுத்தியிருக்கிறார் என்று குறிப்பு எழுதினார்கள். பதிவு ரத்து. ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு மறுபதிவு கிடையாது. பேராசிரியை கையெழுத்துப் போட்டார், வேறு கட்டத்தில்.

வெளி வராந்தாவில் பேராசிரியை வேகமாகப் பின்னால் வந்தார்.

"நீங்க அங்க அப்படிப் போட்டு உடைச்சிருக்கக் கூடாது. அவசரத்துல தப்பாயிடுச்சுன்னு சொல்லியிருந்தா, நான் பேசி ஏதாவது செஞ்சிருப்பேன்."

"மேடம், அந்த மனு எழுதினவன் பேர் என்ன?"

"எவன்?"

"உங்க புத்தகத்துல வர்றவன்."

"பேர் கிடைக்கலையே. எந்தப் பதிவேட்டுலயும் இல்ல."

"தேடினீங்களா?"

பேராசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுருக்கக்காரர் படியிறங்கி, பின்வாசல் வழியாகத் தெருவைத் தாண்டி, கடைக்குப் போய் உட்கார்ந்தார். மதியத்துக்கு மேல் நிறைய வேலை இருந்தது.

வீட்டில் மனைவி கேட்டுவிட்டுக் கொதித்தாள். முதலில் பேராசிரியையைத் திட்டினாள், பிறகு தம்பியைத் திட்டினாள், கடைசியில் இவர் பக்கம் திரும்பினாள். "பொய்யை எண்பது பக்கம் எழுதி அட்டை போட்டுக் குடுத்துட்டு, உண்மையை ஒரு வரி வாயால சொன்னா எவன் நம்புவான்? எழுதற கை உங்ககிட்டதானே இருந்துச்சு?" அவள் சொன்னது சரி என்பதுதான் அவருக்கு எல்லாவற்றையும் விட அதிகமாக வலித்தது. கூடத்தில் கட்டி வைத்திருந்த நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் அவள் தூக்கிப் பழைய பேப்பரோடு போட்டாள். அவர் தடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து வரலாற்றுத் துறையிலிருந்து ஒருத்தி ஆய்வேட்டோடு உள்ளறைக்கு வந்தாள். பேராசிரியையின் மாணவி.

"அண்ணே, சுருக்கம் வேணும். மேடம் உங்ககிட்டயே குடுக்கச் சொன்னாங்க. ஆனா பழைய மாதிரி வேணாமாம். மெஷின்ல மாட்டாத மாதிரி எழுதணுமாம்."

தூக்கி முகத்தில் எறிந்திருக்கலாம். நானாக இருந்தால் எறிந்திருப்பேன். அவர் எறியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எந்தத் துறை?" என்றார்.

"வரலாறுண்ணே. சொன்னேனே."

இருபத்து நான்கு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்தப் பதில் அவருக்குத் தேவைப்பட்டது. வருடத்தில் தொடங்கினார். அடுத்து இடம். எந்தப் பெட்டி, எந்தக் காகிதம். இரண்டு மணி நேரம் ஆய்வேட்டைப் புரட்டி, அந்தப் பெண் எங்கோ நடுவில் தனக்கே தெரியாமல் போட்டுவைத்திருந்த விஷயத்தைத் தோண்டி எடுத்து, கடைசி வரியில் 'எனக் கருத இடமுண்டு' என்று வைத்தார். எனினும் என்ற சொல் எங்கும் வரவில்லை. அவர் எழுதியதிலேயே நல்ல சுருக்கம் அதுதான். இனி இலக்கியத்துக்கு இலக்கியம் மாதிரி, தத்துவத்துக்குத் தத்துவம் மாதிரி எழுதித் தர வேண்டியிருக்கும். இன்னும் இருபது வருடம் போனால் எவனாவது ஒருவன் இதையெல்லாம் தரையில் பரப்பி, இந்த வருடத்திலிருந்து துறைகள் தத்தம் வழிக்குத் திரும்பிவிட்டன என்று கண்டுபிடிப்பான். அவனுக்குப் பட்டமும் கொடுப்பார்கள்.

மாணவி பக்கத்தை வாங்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"ரொம்ப நல்லா வந்திருக்குண்ணே. முன்னுரையில உங்க பேரைப் போடணும். பேர் என்னண்ணே?"

"எதுக்குப் போடற?"

"டைப் அடிச்சுக் குடுத்ததுக்கு."

அவர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கடைன்னு போட்டா போதும்" என்றார். "பக்க எண் மேல வேணுமா, கீழ வேணுமா?"